கடன் கொடுத்தார் நெஞ்சம்

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடன்பட்டவர் நெஞ்சம் கலங்கும் என்பது நாடறிந்த பேச்சு. கடன் கொடுத்தவர் நெஞ்சம் கலங்கிக் கண்டதுண்டா? கொடுத்தவர் திண்ணையிலே கால்மேல் கால் போட்டு அமர்ந்திருப்பார். வாங்கியவர் கைகட்டி எதிரே நிற்பார். அதுதான் உலக வழக்கு. ஆனால், நம் தமிழகத்திலே ஒரு கடன் உண்டு. அதைக் கொடுத்தவர் கைகட்டி நிற்கிறார், வாங்கியவர் கால்மேல் கால் போட்டபடி, "சுவரிலே ஆணி அடிக்கக் கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டக் கூடாது" என்று ஆணையிடுகிறார்! தவணை முடிந்த பிறகும், கொடுத்தவர் தம் பணத்தைத் தாமே யாசகம் போலக் கேட்கிறார்.

அந்த விந்தைக் கடனுக்குப் பெயர்தான் வீட்டு ஒத்தி. நூல்களிலே ஒற்றி என்று எழுதப்படும் சொல், வழக்கிலே ஒத்தி ஆயிற்று. போக்கியம் என்பாரும் உண்டு. சென்னையிலே 'லீசு' என்பர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. குடிவருபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார். மாத வாடகை கிடையாது. குறித்த காலம் முடிந்ததும் வீட்டை இவர் திருப்பித்தர வேண்டும், பணத்தை அவர் திருப்பித்தர வேண்டும். பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை. கேட்பதற்கு எவ்வளவு இனிமை!

நான் நாடகக்காரன். ஆகவே இதைக் காட்சியாகவே காட்டுகிறேன். திரை விலகுகிறது. இரண்டு அறைகள் கொண்ட வீடு. வாயிலில் வீட்டுக்காரர். எதிரே குடிவர வந்தவர். பின்னால் அவர் மனைவி.

"பத்து இலட்சம் கொடுங்கள் தம்பி, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு காசு வாடகை வேண்டாம். உங்கள் பணம் உங்களுக்கே திரும்பி வந்துவிடும்."

"மகிழ்ச்சி அண்ணாச்சி. மூலப்பத்திரத்தை ஒருமுறை பார்க்கலாமா?"

"என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்!"

குடிவர வந்தவர் தலை குனிகிறார். மனைவி அவரை ஓரக்கண்ணால் பார்க்கிறார். பணம் கைமாறுகிறது. திரை விழுகிறது.

தோழர்களே! இந்தக் காட்சியிலே யார் கடன் கொடுப்பவர்? யார் கடன் வாங்குபவர்? வங்கியிலே பத்து இலட்சம் கடன் கேட்டு நுழைந்து, "மூலப்பத்திரத்தைக் கேட்காதீர்கள், நம்பிக்கை இல்லையா?" என்று ஒருவர் சொன்னால் வங்கி மேலாளர் என்ன செய்வார்? வாயிற்காப்பாளரை அழைப்பார்! ஆனால் வங்கி மேலாளருக்கு இருக்கும் துணிவு, பத்து இலட்சத்தையும் மஞ்சள் பையிலே சுமந்துவந்த மனிதருக்கு இல்லை. ஏன் இல்லை? அவருக்கு வீடு இல்லை, அதனால் இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். எடுத்துக்காட்டாக, அந்த வீட்டின் மாத வாடகை 8,000 ரூபாய் என்று கொள்வோம். ஆண்டுக்கு 96,000. குடிவருபவர் தம் பத்து இலட்சத்தை நூற்றுக்கு ஏழு வட்டியில் வைப்புநிதியிலே போட்டிருந்தால் ஆண்டுக்கு 70,000 கிடைத்திருக்கும். ஆக, ஒத்தியினால் அவருக்கு மிச்சம் ஆண்டுக்கு 26,000. மூன்று ஆண்டுகளில் 78,000. இலாபம்தான், மறுக்கவில்லை.

வீட்டுக்காரர் கணக்கைப் பாருங்கள். அதே பத்து இலட்சத்தை ஊரிலே வட்டிக்குக் கொடுப்பவரிடம் அவர் கேட்டிருந்தால், இரண்டு வட்டி என்பார். மாதம் 20,000, ஆண்டுக்கு 2,40,000. இப்போது அவர் இழப்பது 96,000 வாடகை மட்டுமே. ஆண்டுக்கு 1,44,000 மிச்சம். மூன்று ஆண்டுகளில் 4,32,000!

இருவருக்கும் இலாபம் என்றால் இந்த இலாபம் வானத்திலிருந்து பொழிந்ததா? எங்கிருந்து வந்தது? இரண்டு வட்டிக்காரர் சும்மா கொடுக்கமாட்டார். நகையைக் கேட்பார், நிலத்தைக் கேட்பார், எழுதி வாங்குவார். நம்முடைய ஒத்திக்காரரோ எதையும் கேட்காமல் கொடுக்கிறார். ஈடு இல்லாத கடனை, ஈடு உள்ள கடனின் விலைக்குக் கொடுக்கிறார். மூன்று ஆண்டுகளில் 78,000 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகப் பத்து இலட்சத்தைப் பணயம் வைக்கிறார். பணயம் வைக்கிறோம் என்பதை அவரிடம் எவரும் சொல்வதில்லை. அதுதான் கொடுமை.

"இவன் ஏட்டுக் கணக்குப் பேசுகிறான்" என்று எவரேனும் எண்ணலாம். ஏடு எனக்குப் பாதியிலே நின்றுபோன ஒன்று. கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டிலே விட்டவன் நான். ஏன் விட்டேன் என்று மேடையிலே இதுவரை சொன்னதில்லை, இன்று சொல்கிறேன்.

என் தந்தையார் மதுரையிலே அச்சகத் தொழிலாளி. ஓய்வு பெற்றபோது வந்த சேமநிதியோடு அம்மாவின் வளையல்களை விற்ற பணத்தையும் சேர்த்து, 2008-ஆம் ஆண்டில் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை ஒத்திக்குப் பிடித்தார். முத்திரைத்தாளிலே எழுதினார்கள், நோட்டரி கையெழுத்துப் போட்டார், முத்திரை பளபளத்தது. அப்பா அதை நெகிழிப் பையிலே சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். ஓராண்டு கழிந்தது. ஒருநாள் காலையில் கதவிலே ஒரு தாளை ஒட்டிப்போனார்கள். வீட்டுக்காரர் நமக்கு முன்பே வீட்டை ஒரு வங்கியில் அடகு வைத்திருக்கிறார், தவணை கட்டவில்லை, வங்கி வீட்டை எடுத்துக்கொள்கிறது.

அப்பா பெட்டியைத் திறந்து, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். நானும் உடன் போனேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் அல்லர், உட்காரச் சொன்னார், தாளை முழுவதும் படித்தார். படித்துவிட்டு, "பெரியவரே, இது பதிவு செய்யப்படவில்லையே" என்றார். அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் எழுத்துக் கோத்த மனிதர், கோக்காமல் விட்ட ஒரு சொல்லினால் வீழ்ந்தார்: பதிவு. அந்த மாதம் நான் கட்டவேண்டிய கல்லூரிக் கட்டணம், வேறு வீட்டுக்கு முன்பணம் ஆயிற்று.

நான் அழுகைக்காக இதைச் சொல்லவில்லை. அப்பா ஏமாளி அல்லர். வீட்டுக்காரரும் வாங்கும்போதே ஏமாற்ற எண்ணியவரா என்பது எனக்குத் தெரியாது. நல்லவரும் நல்லவரும் கூடிச் செய்த ஏற்பாடு ஒரு குடும்பத்தைத் தெருவிலே நிறுத்தியது என்றால், பிழை மனிதரிடத்தில் மட்டுமா இருக்கிறது? ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

இந்த ஒத்தியின் பழைய முகத்தையும் பாருங்கள். வயலிலே ஒத்தி உண்டு. மகள் திருமணத்துக்கோ, மழை பொய்த்த ஆண்டின் வயிற்றுப் பாட்டுக்கோ, உழவன் தன் இரண்டு காணி நிலத்தைப் பணக்காரரிடம் ஒத்தி வைப்பான். பணம் கொடுத்தவர் நிலத்தை உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார், அதுவே வட்டி. அசலைக் கொடுத்தால்தான் நிலம் திரும்பும். நிலத்தை இழந்த உழவனுக்கு அசல் எங்கிருந்து வரும்? அங்கே ஒத்தி வைத்தவன் தோற்றான். இங்கே, நகரத்து வீட்டிலே, ஒத்திக்குப் பிடித்தவன் தோற்கிறான். அங்கே கடன் வாங்கியவன் ஏழை. இங்கே கடன் கொடுத்தவன் ஏழை. வாங்கினாலும் தோல்வி, கொடுத்தாலும் தோல்வி! ஒத்தி என்ற சொல் மாறவில்லை, தோற்கிறவனும் மாறவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயா? இல்லை. கடல்கடந்து, தென்கொரியாவுக்குச் செல்வோம். கப்பல் கட்டுகிற நாடு. கார் செய்கிற நாடு. கைப்பேசி விற்கிற நாடு. அந்த நாட்டிலே நம் ஒத்தியின் உடன்பிறப்பு ஒன்று உண்டு. ஜியோன்சே என்று அதற்குப் பெயர். வீட்டு விலையிலே பாதிக்கு மேல், சில வேளைகளில் முக்கால் பங்குக்கு மேலும், குடிவருபவர் மொத்தமாகக் கொடுப்பார். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். மாத வாடகை இல்லை. முடிவிலே முழுப்பணமும் திரும்ப வேண்டும்.

அங்கே அது வளர்ந்த கதை நமக்குப் பாடம். 1960-களிலும் 70-களிலும் கொரிய அரசு, நாட்டின் பணத்தையெல்லாம் தொழிற்சாலைகளுக்குத் திருப்பிவிட்டது. வங்கிகள் ஆலைக்குக் கடன் கொடுத்தன. வீடு வாங்குபவருக்குக் கொடுக்கவில்லை. கிராமத்து மக்கள் சியோல் நகருக்கு அலை அலையாக வந்தார்கள். வீடு வாங்க விரும்பியவருக்குப் பணம் வேண்டும். வந்தவருக்குக் கூரை வேண்டும். வங்கி செய்யவேண்டிய வேலையைக் குடிவந்தவர் செய்தார். குடியிருப்பவர் கொடுத்த பணத்திலே வீட்டுக்காரர் இன்னொரு வீடு வாங்கினார். அந்த வீட்டுக்குக் குடிவந்தவர் பணத்திலே மற்றொன்று வாங்கினார். வீடற்றவர் பணத்திலே வீடுள்ளவர் வீடு சேர்த்தார்!

வீட்டு விலை ஏறியவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. பழைய குடியிருப்பவர் போனால் புதியவர் கூடுதல் தொகை கொண்டுவருவார். அதை வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் சங்கிலி எவ்வளவு நீளமானாலும் ஒரு கண்ணி அறுந்தால் போதுமன்றோ? 2021 ஆகஸ்டு வரை 0.5 விழுக்காடாக இருந்த கொரிய மத்திய வங்கியின் அடிப்படை வட்டி, 2023 சனவரியில் 3.5 ஆயிற்று. வீட்டு விலை சரிந்தது. புதிதாக வருபவர் குறைந்த தொகையே கொடுத்தார். பழையவருக்குக் கொடுக்கப் பணமில்லை. வீட்டை விற்றாலும் ஒத்திப் பணத்துக்குப் போதாத வீடுகளை அந்நாட்டு மக்கள் 'வெற்றுத் தகர டப்பா' என்று அழைத்தார்கள்.

2022 அக்டோபரில் ஒருவர் இறந்தார். அவர் பெயரிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்! ஏடுகள் அவரை 'வில்லா மன்னன்' என்றன. மன்னன் மாண்டான், மக்களின் பணமும் மாண்டது. இஞ்சியோன் நகரின் ஒரு வட்டாரத்தில், ஒத்திப் பணத்தை இழந்த இளைஞர்கள் மூவர், 2023 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே அடுத்தடுத்துத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அரசு அசைந்தது. 2023 மே 25 அன்று தனிச்சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்கீழ் பாதிக்கப்பட்டோர் என்று ஏற்கப்பட்டவர் தொகை 2025-ஆம் ஆண்டுக்குள் முப்பதாயிரத்தைக் கடந்துவிட்டது.

அந்த நாட்டிலே சட்டமே இல்லையா என்பீர்கள். இருந்தது! குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் 1981-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. குடிவந்தவர் தம் வருகையை அரசு அலுவலகத்திலே தெரிவித்து, ஒப்பந்தத்திலே நாள் முத்திரையும் பெற்றால், பின்னால் வரும் கடன்காரர்களை அவர் முந்துவார். ஆனால் அந்தச் சட்டத்திலே ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருந்தது. குடிவந்தவர் உரிமை மறுநாள் நள்ளிரவிலிருந்துதான் தொடங்கும். வங்கியின் அடமானமோ பதிவு செய்த அன்றே செல்லும். மோசடிக்காரர்கள் என்ன செய்தார்கள்? காலையிலே ஒத்திப் பணத்தை வாங்கினார்கள். மாலைக்குள் வீட்டை வங்கியிலே அடகு வைத்தார்கள். மறுநாள் விழித்தவர், கியூவிலே தமக்கு முன்னால் வங்கி நிற்கக் கண்டார்! ஒரே ஓர் இரவு. அந்த ஓர் இரவிலே ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு களவு போயிற்று.

மேலைநாட்டு அறிஞர்களும் வியக்கும் அளவுக்குத் தொழில் வளர்ந்த கொரியாவிலேயே இந்தக் கதி என்றால், நம் நிலை என்ன? இங்கே ஓட்டை ஊசிமுனை அளவா? கதவே திறந்து கிடக்கிறது!

நம் சட்டம் ஒத்தியை அறியாததன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 58-ஆம் பிரிவிலே, சொத்தின் அனுபவத்தை வட்டிக்கு ஈடாக விட்டுக்கொடுக்கும் அடமானம் என்று அதற்கு இலக்கணம் சொல்கிறது. பணம் திரும்பும்வரை சொத்தைக் கையிலே வைத்திருக்கும் உரிமையும் தருகிறது. அதாவது, ஒத்திக்காரர் வெறும் குடியிருப்பவர் அல்லர், அடமானம் பெற்றவர். வங்கிக்கு நிகரானவர்! ஆனால் அடுத்த பிரிவு, 59, என்ன சொல்கிறது? நூறு ரூபாயும் அதற்கு மேலும் என்றால் இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். இரண்டு சாட்சிகளேனும் கையெழுத்திட வேண்டும். பதிவில்லாத தாள் அந்த அடமானத்துக்குச் சான்றாகாது.

பத்து இலட்சத்துக்கு ஒத்தி, பதிவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணிலே அடமானமில்லை. வங்கியோ, மூலப்பத்திரத்தை ஒப்படைக்கச் சொல்லியே அடமானம் பெறமுடியும். சென்னை போன்ற நகரங்களுக்கு அதே 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வசதியைத் தந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் சட்டமோ, வழக்கு மன்றத்திலே ஆண்டுக்கணக்கில் காத்திராமல், நோட்டீசு கொடுத்து வீட்டைக் கைப்பற்றவும் வங்கிக்கு வழிவகுத்தது. வீட்டுக்காரர் உரிமைக்கும் காவல் உண்டு: ஒத்தி வைத்தவர் வெறும் காலம் கடந்ததனால் சொத்தை மீட்கும் உரிமையை இழந்துவிடமாட்டார் என்று 2014-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு; நிலத்தை இழந்த உழவனைக் காக்கும் தீர்ப்பு. வங்கிக்குக் காவல் உண்டு, வீட்டுக்காரருக்குக் காவல் உண்டு. நோட்டரித் தாளை நெஞ்சோடு அணைத்து நிற்பவருக்கு என்ன உண்டு? 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வாடகையைச் சுற்றியே சுழல்கிறது. வாடகையே கொடுக்காத ஒத்திக்காரர் அதன் வாசலிலும் தயங்கித்தான் நிற்கிறார்.

"பதிவு செய்துகொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பவர் உண்டு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் யார் கொடுப்பது? 78,000 மிச்சம் பிடிக்க வந்தவரிடம் அதிலே பெரும்பகுதியைக் கட்டணமாகக் கேட்டால், அவர் நோட்டரியைத்தான் நாடுவார். வீட்டுக்காரரும் பதிவை விரும்பமாட்டார். பதிந்துவிட்டால் வில்லங்கச் சான்றிலே ஏறிவிடும், வேறு கடன் பிறக்காது. இருவரும் ஒப்புக்கொண்டு ஒளிக்கிறார்கள். ஒளித்ததன் தண்டனை மட்டும் ஒருவருக்கு.

ஆகவே, நாம் கேட்கவேண்டியது என்ன? குடியிருக்கும் வீட்டு ஒத்திக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் பெயரளவுக்குக் குறையுங்கள் என்று கேட்போம். பதிவான ஒத்தி இருக்கும்வரை, ஒத்திக்காரர் அறியாமல் அந்த வீட்டின்மேல் வேறு கடன் ஏறக்கூடாது என்று கேட்போம். வீட்டை ஏலம் விட்டால், வங்கிக்கு முன்னால் இல்லாவிட்டாலும், குடியிருப்பவர்க்கு ஒரு பங்கு உறுதி செய்யுங்கள் என்று கேட்போம். கொரியாவிலே மூன்று இளைஞர்கள் மாண்ட பிறகு சட்டம் வந்தது. இங்கே முதல் பிணம் விழும்வரை காத்திருப்பதா?

சட்டம் வரட்டும், அதுவரை நாம் சும்மா இருப்பதா? தோழர்களே! இந்தப் படிப்பகத்துக்கு மாலைதோறும் வருகிறீர்கள், ஏடு படிக்கிறீர்கள், உலகை அலசுகிறீர்கள். பக்கத்துத் தெருவிலே ஒருவர் ஒத்திக்கு வீடு பார்க்கிறார் என்று தெரிந்தால், அவரோடு ஒருவர் செல்லுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலே வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றியே பார்க்கலாம், பார்த்துச் சொல்லுங்கள். மூலப்பத்திரத்தை நகலிலே அன்று, மூலத்திலேயே காட்டச் சொல்லுங்கள். "வங்கியிலே இருக்கிறது" என்றால், எந்த வங்கி, எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்திலே பதியச் சொல்லுங்கள். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டுமென்றால், நீங்களே இருவர் போடுங்கள். பணத்தை வங்கி வழியே கொடுக்கச் சொல்லுங்கள். பதிவுக்கு முன்னால் முழுத்தொகையையும் கொடுக்கவேண்டாம் என்று தடுங்கள்.

"நம்பிக்கை இல்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும்! "நம்பிக்கை நிறைய இருக்கிறது அண்ணாச்சி; பத்து இலட்சம் அளவுக்கு இருக்கிறது. அதை எழுதிப் பதிந்துவிட்டால் உங்களுக்கும் பெருமை" என்று சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், தலை குனியாமல் சொல்லுங்கள். ஏனென்றால், அந்த வாயிலிலே நிற்பவர் பிச்சை கேட்டு வந்தவர் அல்லர். கடன் கொடுக்க வந்தவர்.

என் தந்தையார் இன்று இல்லை. அந்த நெகிழிப் பையும் தாளும் என்னிடம் இருக்கின்றன. இங்கே வரும்போது எடுத்து வந்தேன். இதோ! முத்திரை இன்னும் மங்கவில்லை. இரண்டு இலட்சம் ரூபாய் என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதியிருக்கிறது. அப்பாவின் கையெழுத்து நேராக இருக்கிறது. இந்தத் தாளை இந்தப் படிப்பகத்துக்கே கொடுத்துவிட்டுப் போகிறேன். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரிலே மாட்டுங்கள்; இது நம் சொந்தச் சுவர்; இங்கே ஆணி அடிக்க எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஒத்திக்கு வீடு தேடி வருகிற ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டி, இதிலே இல்லாதது எது என்று கேளுங்கள்.

அந்த ஒரு சொல்லை அவர்கள் தாமே கண்டுபிடித்துச் சொல்லும் நாளில், கடன் கொடுத்தார் நெஞ்சம் கலங்காது.